பித்தளை எலுமிச்சை

டில்லிபாபுவின் வலது முழங்காலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதர்கள் யாரும் கடைசிவரை அதை விசாரிக்கப்போவதில்லை.

ஒரு மீன் வேன் பின்னால் வந்து தட்டியதில் பைக்கோடு விழுந்து உடைந்த முட்டி அது. உள்ளே தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். நடக்கலாம், ஊருக்குள் கார் ஓட்டலாம். ஆனால் ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக மிதித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனால் போதும், முட்டிக்குள் யாரோ ஸ்குரூ முடுக்குவதுபோல வலி கிளம்பும். "லாங் டிரிப் எல்லாம் மறந்துடுப்பா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாங் டிரிப்பை மறந்தால் மாதத்தில் பாதி நாள் நொச்சிக்குப்பத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டியதுதான். அதற்கு என்ன மாத்திரை என்று டாக்டர் எழுதித் தரவில்லை.

அவரைக் காப்பாற்றியது ஒரு பட்டன். ஆழ்வார்பேட்டையில் அவர் பல வருஷம் டிரைவராக இருந்த வீட்டுப் பெரியவர், அமெரிக்காவில் இருக்கும் மகனோடு தங்கப் போனபோது தன் காரை டில்லிபாபுவின் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல உயர்ந்த ரக கார். அதில் க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தது. ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டனை அமுக்கிவிட்டுக் காலை எடுத்துவிடலாம், வேகத்தை வண்டியே பிடித்துக்கொள்ளும். முன்னால் லாரி வந்தால் தானே மெதுவாகும், லாரி விலகினால் தானே வேகம் எடுக்கும். டில்லிபாபுவின் முட்டிக்காகவே எவனோ வெளிநாட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்தது போலிருந்தது.

அதை நம்பித்தான் திங்கட்கிழமை சவாரியை ஒப்புக்கொண்டார். ஆழ்வார்பேட்டைத் தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் ரூஹி என்ற பெண் அதிகாரி. வாராவாரம் ஆம்பூர் ஷூ தொழிற்சாலைக்குப் போய்த் தரம் பார்த்துவிட்டு அன்றே திரும்ப வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் டில்லிபாபு பட்டனை அமுக்குவார். முட்டி ஆம்பூர்வரை ஓய்வெடுக்கும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அவர் ஒரே ஒரு தவறு செய்தார். காரை சர்வீஸுக்கு விட்டார்.

பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் இருக்கிறது வெற்றிமுகம் மோட்டார்ஸ். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையம். உள்ளே நுழைந்தால் பன்னீர் தெளிப்பார்கள், இளநீர் தருவார்கள், சோபாவில் உட்காரவைத்து உங்கள் கார் இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் டிவி போடுவார்கள். வண்டியைத் திருப்பித் தரும்போது ஒரு வெண்கல மணியை அடிப்பார்கள். அந்த நிமிஷம் கட்டடத்தில் யார் என்ன வேலையில் இருந்தாலும் எழுந்து கைதட்ட வேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் கிடப்பவர்களும் படுத்தபடியே தட்டுவார்கள்.

டில்லிபாபு போனது ஆயுத பூஜைச் சிறப்பு முகாம். அந்த வருஷம் எம்.டி. ஒரு புதுமை செய்திருந்தார். காருக்கு முன்னால் கட்டுகிற எலுமிச்சையும் மிளகாயும் நாலு நாளில் அழுகிப்போகின்றன. அழுகிய திருஷ்டிக் கயிறு நிறுவனத்தின் தரத்தைக் காட்டாது. அதனால் எலுமிச்சை ஒன்று, மிளகாய் ஒரு கொத்து, கரித்துண்டு ஒன்று எல்லாவற்றையும் பித்தளையில் வார்த்து, கீழே "வெற்றிமுகம்" என்று பொறித்து, முகாமுக்கு வந்த ஒவ்வொரு காரின் முகப்பிலும் நாலு ஸ்குரூ போட்டு இறுக்கினார்கள். நட்ட நடுவில், கார்க் கம்பெனியின் சின்னத்துக்கு மேலேயே. ஸ்குரூவுக்கு மேல் ஒரு ஸ்டிக்கர்: கழற்றினால் வாரண்டி ரத்து.

மணி அடித்தார்கள். கைதட்டினார்கள். டில்லிபாபு வெட்கத்தோடு கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் பட்டனை அமுக்கினார். பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினார். டாஷ்போர்டுத் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. முன்பக்கம் அடைப்பு என்று ரூஹி பின்சீட்டிலிருந்து படித்துச் சொன்னாள். வாலாஜாவுக்குள் முட்டி பேச ஆரம்பித்துவிட்டது. ஆம்பூர் போவதற்குள் நாலு இடத்தில் ஓரங்கட்டிக் காலை நீட்டினார். ரூஹிக்கு மீட்டிங் போய்விட்டது. நல்ல பெண், திட்டவில்லை. "காட்டிடுங்க அண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

காட்டினார். தமிழ்மாறன் என்ற சர்வீஸ் அட்வைசர் கையில் டேப்லெட்டோடு வந்து குனிந்து வணக்கம் சொன்னான்.

"இன்னா சார், க்ரூஸ் புடிக்க மாட்டேங்குது. அமுக்குனா முன்பக்கம் அடைப்புன்னு எழுத்து வருது."

தமிழ்மாறன் அனுதாபத்தோடு சிரித்தான். "சார், தி.நகர்ல முன்பக்கம் அடைப்பு இல்லாத வண்டி எது சொல்லுங்க? ட்ராஃபிக்க வண்டியே கண்டுபிடிச்சு சொல்லுது. அது கம்ப்ளைன்ட் இல்ல சார், ஃபீச்சர்."

"ஹைவேல வருது சார். ரோடு காலியா கீது, ஒரு ஆடு மாடு கூட இல்ல."

டேப்லெட்டில் க்ரூஸ் கன்ட்ரோலுக்கென்று புகார் வகை இல்லை. யாரும் அதைப் பற்றிப் புகார் சொன்னதே இல்லையாம். கடைசியில் "சீட் குஷன், பயண அசௌகரியம்" என்ற தலைப்பில் பதிந்துகொண்டு தமிழ்மாறன் டில்லிபாபுவைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு சோதனை ஓட்டம் கிளம்பினான். விதிப்படி சோதனை ஓட்டம் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்குள்தான் நடக்க வேண்டும். பட்டனோ நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் வேலை செய்யும்.

பாண்டி பஜார், பனகல் பார்க், உஸ்மான் ரோடு என்று ஒரு சுற்று வந்தார்கள். ஓரிடத்தில் தமிழ்மாறன் உற்சாகமாகிப் பதினெட்டு வரை தொட்டான். அங்கே ஒருவர் புடவைக் கட்டைப் பைகளோடு குறுக்கே வந்தார். திரும்பி வந்ததும் டேப்லெட்டில் எழுதினான்: "வாடிக்கையாளர் கூறிய வேகம் சோதனையில் காணப்படவில்லை. ஆகவே குறையும் காணப்படவில்லை." மணி அடித்தது.

அடுத்த வாரமும் நாலு இடத்தில் நின்றார். மறுபடி போனார். இந்தத் தடவை டெக்னிக்கல் ஹெட் வந்தார். சட்டையில் ஒரு துளி கிரீஸ் இல்லை. அவர் சோபாவுக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினார்.

"டில்லிபாபு சார், க்ரூஸ் கன்ட்ரோல்ங்கிறது என்ன? வண்டிக்கு ஒரு கண்ணு. அந்தக் கண்ணு எங்க இருக்கு? முகப்புல, கம்பெனி சின்னத்துக்கு நேர் பின்னாடி. அது பளிச்சுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். கண்ண மறைச்சா வண்டிக்கு எப்படித் தெரியும்? நீங்க சின்னத்து மேல சேறு படாம பாத்துக்கணும். கஸ்டமர்ஸ் இதுலதான் அலட்சியம்."

சொல்லிவிட்டு முகப்பைத் துடைக்கச் சொன்னார். இரண்டு பேர் புளி போட்டுப் பித்தளை எலுமிச்சையைத் தேய்த்தார்கள். அது தங்கம் மாதிரி ஆனது. டில்லிபாபு வெயிலில் அது மின்னுவதைப் பார்த்து, இவ்வளவு பக்தியாக வேலை செய்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார். வெறுங்கண்ணுக்குத் தெரிகிற விஷயத்தை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சந்தேகப்படுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

மணி அடித்த மறுநாள் வெற்றிமுகத்தின் வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்து பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டாள். டில்லிபாபு கொஞ்சம் யோசித்து, இளநீர் நன்றாக இருந்ததால் எட்டு என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். பத்துக்குக் குறைந்தால் வாடிக்கையாளர் மனம் புண்பட்டிருக்கிறார் என்று பொருள். புண்பட்ட வாடிக்கையாளரை மீட்டெடுக்க வண்டியை மறுபடி கொண்டுவர வேண்டும். வராவிட்டால் வாரண்டி நிறுத்திவைக்கப்படும். அந்த வாரண்டி, கார் கொடுத்த பெரியவர் பணம் கட்டிவைத்துவிட்டுப் போனது. அது போனால் நாளைக்கு ஒரு சென்சார் போனாலும் வண்டியை விற்றுத்தான் சென்சார் வாங்க வேண்டும் என்று புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்.

மீட்டெடுப்பு என்பது ஏ.சி. ஹாலில் அரைநாள் வகுப்பு. கோட்டு போட்ட ஒருவர் திரையில் வலது பாதத்தின் படத்தைக் காட்டி, "இயந்திரத்தைச் சாராமல் வாழ்வது எப்படி" என்று பேசினார். நம் முன்னோர் க்ரூஸ் கன்ட்ரோல் இல்லாமலேயே கடல் கடந்தார்கள் என்றார். வகுப்பில் டில்லிபாபு ஒருவர்தான் இருந்தார். முடிவில் சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். காலை எங்கே நீட்டுவது என்று கேட்க நினைத்தார், கேள்வி நேரம் இல்லை.

"இன்னாய்யா, கார குடுத்துட்டு சர்ட்டிபிகேட்டு வாங்கினு வந்துக்கிற?" என்றாள் செண்பகம். அவர் மனைவி. லூப் ரோட்டுச் சந்தையில் மீன் விற்பவள். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து அது என்றைக்குப் பிடித்தது என்று சொல்பவளுக்கும் கார் விஷயத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி பேசுகிறவனைத் தெரியும். "அவனுங்க ரிப்பேர் பண்றவனுங்க இல்ல. கல்யாண மண்டபக்காரனுங்க."

அந்த வாரம் ரூஹி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணா, ஆஃபீஸ்ல வேற ட்ராவல்ஸ் பேசறாங்க. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். ரொம்ப நாள் நிறுத்த முடியாது."

டில்லிபாபு அன்றைக்கு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு எங்கும் நிற்காமல் ஓட்டினார். ஆம்பூரில் இறங்கும்போது கால் தரையில் ஊன்றவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் ஒரு நல்லது நடந்தது. வழக்கம்போல வெற்றிமுகத்தின் பங்கு அதில் எதுவும் இல்லை. வெங்கட்நாராயணா ரோட்டில் சிக்னலுக்கு நின்றபோது, முன்னாலிருந்த ஷேர் ஆட்டோ எதையோ நினைத்துக்கொண்டு பின்னால் வந்தது. பித்தளை எலுமிச்சை பிய்ந்து தொங்கியது. நாலு ஸ்குரூவும் பிடுங்கிக்கொண்டன, ஸ்டிக்கரும் கிழிந்துபோனது. கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பழக்கதோஷத்தில் பட்டனை அமுக்கினார்.

பிடித்துக்கொண்டது.

ஒரு நிமிஷம் அவர் காலை எடுக்கவே பயந்தார். அப்புறம் மெள்ள எடுத்தார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. லாரியைப் பார்த்து மெதுவானது, லாரி விலகியதும் சீறியது. டில்லிபாபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. டெக்னிக்கல் ஹெட் சொன்ன கண்ணும், அதன்மேல் மின்னிய எலுமிச்சையும் அப்போதுதான் அவர் மண்டையில் ஒன்றாகச் சேர்ந்தன.

"அந்தப் பித்தளதான்மா கண்ண மூடிக்கினு இருந்துக்கீது!" என்று கத்தினார். ரூஹி லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுச் சிரித்தாள்.

இங்கே கதையை முடித்திருக்கலாம். ஆனால் ஸ்டிக்கர் கிழிந்திருந்தது. சொல்லாமல் விட்டால் வாரண்டி போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். பாவம், அவர்களுக்குத் தெரியாமல் செய்திருக்கிறார்கள், சொன்னால் மற்ற வண்டிகளிலும் எடுத்துவிடுவார்கள் என்ற நல்லெண்ணம் இன்னொரு பக்கம். "போவாதய்யா, கம்முனு இரு" என்று செண்பகம் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். போனார்.

அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, தமிழ்மாறன் முகம் மலர்ந்து டேப்லெட்டில் தட்டினான். கடைசியாக ஒரு புகாருக்குச் சரியான தலைப்பு கிடைத்துவிட்டது: "வெளிப்புற அணிகலன் சேதம்." டில்லிபாபு இளநீரைக் குடித்து முடிப்பதற்குள் புது எலுமிச்சையை இலவசமாக மாட்டி, இந்தத் தடவை ஆறு ஸ்குரூ போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி மணியை அடித்துவிட்டார்கள்.

டில்லிபாபு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அலுவலகத்தில் சத்தம் போட்டார். சத்தம் போடுகிறவர்களை மாடிக்கு அனுப்புவது வழக்கம். மாடியில் மகிழ்ச்சிப் பிரிவின் முதன்மை மேலாளர் சந்திரிகா இருந்தார். மேஜைமேல் மாதிரிக்கு ஒரு பித்தளை எலுமிச்சை காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. அது உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

"மிஸ்டர் டில்லிபாபு, உக்காருங்க. ஆயிரக்கணக்கான வண்டிக்கு இத மாட்டியிருக்கோம். ஒரு கஸ்டமர்கூட க்ரூஸ் வேலை செய்யலன்னு வரல. ஏன் தெரியுமா? யாருமே அத யூஸ் பண்றதில்ல. எல்லாரும் சந்தோஷமா இருக்கும்போது, யூஸ் பண்ற ஒருத்தருக்கு மட்டும் வேலை செய்யலன்னா, பிரச்சினை யூஸ் பண்றதுலதானே இருக்கு?"

"எலுமிச்சய எடுத்தா வேல செய்யிது மேடம். நானே ஓட்டிப் பாத்தேன்."

"இருக்கலாம். ஆனா அது எம்.டி. சாரோட கனவு. அவர் கனவுலேர்ந்து ஸ்குரூ கழட்ட எனக்கு அதிகாரம் இல்ல. இன்னொண்ணு, உங்களுக்கு எடுத்தா, ஏன் எடுத்தோம்னு எழுதணும். எழுதினா மத்த வண்டிக்கும் எடுக்கணும். அப்போ இத்தனை நாள் மாட்டினது தப்புன்னு ஆயிடும். நாங்க தப்பு பண்ற நிறுவனம் இல்லயே!"

"அப்போ ரிப்பேர் ஆவாதா மேடம்?"

சந்திரிகா கனிவாகச் சிரித்தார். "நான் இந்த சீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரு கம்ப்ளைன்ட்கூட பாக்கி வச்சதில்ல. எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணியிருக்கேன். ரிப்பேர் வேற, க்ளோஸ் வேற. எங்க டார்கெட் க்ளோஸ்தான். ஒரு வாரம் வண்டிய விட்டுட்டுப் போங்க. உங்க பட்டன் பிரச்சினை இனிமே வாழ்க்கையில வராது. அது என் பர்சனல் ப்ராமிஸ்."

பெரிய மேடம் தானே வாய்விட்டுச் சொன்னதால் டில்லிபாபு நம்பினார். அந்தத் திங்கட்கிழமை ரூஹி வேறு வண்டியில் போனாள். "அடுத்த வாரம் வந்துடுங்கண்ணா, அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது" என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அழகைச் சொல்ல வேண்டும். பானெட்டில் பெரிய சிவப்பு ரிப்பன். சீட்டுகளுக்கும் ஸ்டியரிங்குக்கும் நிலையத்தின் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் உறை. சந்திரிகாவே கீழே இறங்கி வந்து மணியை அடித்தார். டெக்னிக்கல் ஹெட் தட்டினார், தமிழ்மாறன் தட்டினான், வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர்களும் தட்டினார்கள். "ஹைவேல போய்ப் பாருங்க. அந்த எழுத்து வராது" என்றார் சந்திரிகா. முகப்பில் எலுமிச்சை அப்படியே இருந்தது.

டில்லிபாபு லூப் ரோட்டில் வண்டியை நிறுத்தி அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகம் கூடையை இறக்கிவைத்தாள். "வாரண்டி போனா மசுரே போச்சி. காலு போனா வருமாய்யா?" என்று சொல்லிவிட்டு, மீன் வெட்டுகிற அரிவாளின் முனையைப் பித்தளைக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். ஸ்டிக்கர் கிழிந்தது. ஆறு ஸ்குரூவும் பிடுங்கிக்கொண்டு வந்தன. எலுமிச்சையைக் கூடைக்குள் போட்டுக்கொண்டாள். தராசுத் தட்டுக்கு முட்டுக் கொடுக்க ஆகும் என்றாள். டில்லிபாபுவுக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அதிகாரத்தை எதிர்த்து அவர் குடும்பம் செய்த முதல் காரியம் அது.

ஸ்டியரிங் உறையை மட்டும் அவர் கிழிக்கவில்லை. புதுசாக வந்த எதற்கும் பிளாஸ்டிக்கை உடனே எடுக்க அவர் வீட்டில் யாருக்கும் மனசு வராது. டிவி ரிமோட் இன்னும் கவருக்குள்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை. பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூரும் தாண்டியது. திரையில் அடைப்பு என்ற எழுத்து வரவில்லை. ரோடு கழுவிவிட்டதுபோல் இருந்தது.

"கால் எப்படிண்ணா இருக்கு?" என்றாள் ரூஹி.

"இன்னிக்கிப் பாருமா. கால கழட்டி பக்கத்து சீட்டுல வெச்சிக்கினு போலாம்."

வேகம் எண்பதைத் தொட்டதும் பெருவிரலால் பட்டனைத் தேடினார். பிளாஸ்டிக் வழுக்கியது. ஒரு கையால் உறையைக் கிழித்து எறிந்தார். மறுபடி தேடினார். பிறகு குனிந்து பார்த்தார். பட்டன் இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு கறுப்பு மூடி இருந்தது. அவருடைய ஸ்டியரிங்கையே எடுத்துவிட்டு, அந்தக் காரின் விலை குறைந்த ரகத்துக்கு வருகிற ஸ்டியரிங்கை மாட்டியிருந்தார்கள். அமுக்கப் பட்டன் இல்லாவிட்டால், அமுக்கினால் பிடிக்கவில்லை என்ற புகார் இனி எப்படி வரும்?

போன் அடித்தது. மகிழ்ச்சிப் பிரிவுப் பெண்ணின் குரல் கார் ஸ்பீக்கரில் வந்தது.

"சார், பட்டன் அமுக்கினா வேலை செய்யலங்கிற பிரச்சினை திரும்ப வந்துச்சா?"

"பட்டன எங்கம்மா வெச்சீங்க?"

"சார், என் ஸ்கிரீன்ல ஆமா, இல்ல ரெண்டுதான் இருக்கு."

டில்லிபாபு அந்தக் கறுப்பு மூடியைத் தடவினார். வண்டியைத் திரும்பக் கொண்டுபோனால் முகப்பில் எலுமிச்சை இல்லாததைப் பார்ப்பார்கள். கிழிந்த ஸ்டிக்கரைப் பார்ப்பார்கள். வாரண்டி இல்லாதவனுக்குப் பழைய ஸ்டியரிங்கைத் தேடிக் கொடுக்க அங்கே எந்தப் பிரிவும் இல்லை.

"இல்ல" என்றார்.

"தேங்க்யூ சார். பத்துக்கு எத்தனை மார்க்?"

எட்டு என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"பத்து."

அந்தப் பக்கம் மணி அடித்தது. நிறைய பேர் கைதட்டுவது ஸ்பீக்கரில் கேட்டது. தட்டி முடிக்கும்வரை டில்லிபாபு காத்திருந்துவிட்டு போனை வைத்தார். முட்டிக்குள் முதல் ஸ்குரூ திரும்ப ஆரம்பித்தது.

"ஓரம் கட்டுங்கண்ணா" என்றாள் ரூஹி. கட்டினார். அவர் கதவைத் திறந்து காலை வெளியே நீட்டிக்கொண்டு தேய்ப்பதை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அடுத்த வாரத்துலேர்ந்து நான் ட்ரெய்ன்லயே போய்க்கறேண்ணா. உங்களுக்கும் கஷ்டம்" என்றாள்.

"சரிமா" என்றார் டில்லிபாபு. ஆம்பூர் இன்னும் வெகுதூரம் இருந்தது. வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.